கப்பலின் கடைசித் துறை



உங்களில் பலர் பிறந்த ஊரை விட்டு வந்து நெடுநாள் ஆகியிருக்கும். எனினும், பிள்ளைப் பருவத்தில் தெருவில் கேட்ட ஒரு குரலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நண்பகல் வெயிலில் தள்ளுவண்டியுடன் வரும் வியாபாரி, 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு செல்வான். உடனே நாம் கொல்லைப்புறத்துக்கு ஓடி, ஓட்டை வாளியையும் ஒடிந்த கரண்டிக் காம்பையும் தேடி எடுத்து வருவோம். அவனுக்கு இரும்பு கிடைத்தது. நமக்குப் பழம் கிடைத்தது. அந்த வாளி பின்னர் எங்கே சென்றது, என்ன ஆயிற்று என்பதைப் பற்றி நாம் நினைத்ததே இல்லை.

இன்று தில்லியிலோ ஆமதாபாத்திலோ வாழும் நீங்கள் காலை வேளையில் கேட்பது கபாடிவாலாவின் குரல். மொழிதான் வேறு, தொழில் ஒன்றே. மும்பையில் உள்ள நேயர்களுக்கோ இதை விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தாராவியில், நகரம் வேண்டாமென்று எறிந்த பிளாஸ்டிக்கும் தகரமும் அட்டையும் தரம் பிரிக்கப்பட்டு மறுபிறவி எடுப்பதை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள்.

பயன்பட்டு ஓய்ந்த பொருளைக் குப்பையாக்காமல் மீண்டும் பயனுக்குக் கொண்டு வரும் இந்த ஏற்பாட்டைப் பொருளாதார அறிஞர்கள் இப்போது 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று அழைக்கிறார்கள். பெயர் புதிது. இத்துறையில் எந்த நாடு முன்னேறியிருக்கிறது, எந்த நாடு பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளைப் பற்றியே அமைகின்றன. நாம் இன்று நம் அண்டை வீடுகளைப் பார்ப்போம். இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளும் ஒரே பழைய பொருளுக்காகப் போட்டியிடுகின்றன. அந்தப் பொருள் கப்பல்.

ஒரு சரக்குக் கப்பலின் ஆயுள் ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது ஆண்டுகள். அதன்பின் உப்பு நீர் அதன் தகடுகளை அரித்துவிடுகிறது. பழுதுபார்க்கும் செலவு அது ஈட்டும் வருவாயை மிஞ்சிவிடுகிறது. அப்போது உரிமையாளர் அதை உடைப்பதற்கு விற்றுவிடுகிறார். சரக்கும் எண்ணெயும் இல்லாத வெற்றுக் கப்பலின் எடையைக் கணக்கிட்டு, டன் ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசப்படுகிறது. கடலில் பெயரும் கொடியும் பெருமையும் உடையதாய்த் திரிந்த கப்பல், இந்தப் பேரம் முடிந்த கணத்தில் நம் தெருவில் நிறுத்துக் கொடுத்த ஓட்டை வாளியின் நிலைக்கு வந்துவிடுகிறது.

இவ்வாறு உலகெங்கும் உடைபடும் கப்பல்களில், எடைக் கணக்கில் பெரும்பகுதி மூன்று கடற்கரைகளுக்கே வந்து சேர்கிறது. குஜராத்தில், காம்பே வளைகுடாவின் மேற்குக் கரையில் பாவ்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த அலங் ஒன்று. வங்காளதேசத்தில், முன்னாளில் சிட்டகாங் என்று நாம் அறிந்த சட்டோகிராமுக்கு அருகே உள்ள சீதாகுண்டம் இரண்டாவது. பாகிஸ்தானில், கராச்சிக்கு வடமேற்கே பலுசிஸ்தான் கரையில் உள்ள கதானி மூன்றாவது.

இக்கரைகளுக்கு இத்தொழில் வந்த விதம் வெவ்வேறு. அலங்கில் இயற்கையே அதற்கு வழி செய்து கொடுத்தது. அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய பத்து மீட்டர் வேறுபடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின்போது மாலுமி கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்துகிறார். நீர் வற்றியதும் கப்பல் தரையில் அமர்ந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு உலர்துறை கட்ட வேண்டிய வேலையைச் சந்திரன் செலவின்றிச் செய்துவிடுகிறது. 1983ஆம் ஆண்டில் அங்கே முதல் கப்பல் கரையேறியது. உலகிலேயே மிக நீளமான கப்பலாகிய, 458 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் கப்பலும் 2009ஆம் ஆண்டின் இறுதியில் அலங்கிற்கே வந்து சேர்ந்தது. ஈரான்–இராக் போரில் குண்டுபட்டு மூழ்கி, மீட்கப்பட்டு, பல பெயர்கள் மாறிய கப்பல் அது. அதன் நங்கூரங்களுள் ஒன்று மட்டும் இன்று ஹாங்காங்கில் ஒரு கண்காட்சிச் சாலையில் இருக்கிறது.

சீதாகுண்டத்துக்கோ இத்தொழில் புயலாலும் போராலும் வந்தது. 1960ஆம் ஆண்டில் வீசிய கடும்புயலில் கிரேக்கக் கப்பல் ஒன்று கரையில் வந்து ஒதுங்கியது. அதை மீண்டும் கடலில் மிதக்கவிட இயலவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் உள்ளூரார் அதை விலைக்கு வாங்கிச் சிறிது சிறிதாக உடைத்தனர். 1971ஆம் ஆண்டுப் போரில் குண்டுவீச்சால் பழுதான 'அல் அப்பாஸ்' என்ற பாகிஸ்தான் கப்பலும் பின்னர் அதே கரைக்கு இழுத்து வரப்பட்டு, 1974இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதே போரில் நம் 'விக்ராந்த்' கப்பலின் விமானங்கள் சிட்டகாங் துறைமுகத்தைத் தாக்கின என்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்த விக்ராந்தும் 2014இல் மும்பையில் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தில் ஒரு பகுதி உருக்கப்பட்டு, 2016இல் விற்பனைக்கு வந்த ஒரு மோட்டார் சைக்கிளில் சேர்க்கப்பட்டது. போரில் எதிரெதிரே நின்ற கப்பல்கள் உலைக்களத்தில் ஒரே கதியை அடைந்தன.

கதானியின் கதை ஏறி இறங்கிய கதை. அங்கே கரை சரிவானது. கப்பல் மணலுக்கு மிக அருகே வந்து நிற்கும். 1980களில் கப்பல் உடைக்கும் தொழிலில் அதுவே உலகில் முன்னணியில் இருந்தது. முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தனர். பின்னர் அலங்கும் சீதாகுண்டமும் அதை முந்திவிட்டன.

இனி இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டும். மூன்று கேள்விகள் போதும் என்று கருதுகிறேன். பழைய பொருளில் எவ்வளவு மீண்டும் பயனுக்கு வருகிறது? அதிலுள்ள நஞ்சு எங்கே போகிறது? அந்த வேலையைச் செய்யும் மனிதன் என்ன ஆகிறான்?

முதற் கேள்வியில் மூன்று நாடுகளுமே நன்றாகத் தேறிவிடுகின்றன. கப்பலில் வீணாவது என்பது மிகச் சிறிது. அலங்குக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கடைகள் உள்ளன. கப்பலின் கட்டில், மெத்தை, சமையலறைப் பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடி, கதவு, கயிறு, மிதவை என்று எதை வேண்டுமானாலும் அங்கே வாங்கலாம். சட்டோகிராமிலிருந்து டாக்கா செல்லும் நெடுஞ்சாலையில் பாட்டியாரி என்ற இடத்திலும் இதே காட்சிதான். உலகத்தைச் சுற்றி வந்த ஒரு கப்பல் தலைவனின் மேசையில் இன்று ஒரு பள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கலாம்.

ஆயினும் உண்மையான செல்வம் எஃகுத் தகட்டில்தான் உள்ளது. நல்ல தகடுகளை உருக்க வேண்டிய தேவைகூட இல்லை. அவற்றைக் கீற்றுகளாக வெட்டி, காய்ச்சி, உருளைகளுக்கிடையே செலுத்திக் கட்டடக் கம்பிகளாக இழுத்துவிடுகிறார்கள். எஞ்சியவை மின் உலைக்குச் செல்கின்றன. ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதும், 630 கிலோ கற்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிச்சமாகும் என்று இந்திய அரசு 2019இல் வெளியிட்ட பழைய எஃகுக் கொள்கை கணக்கிடுகிறது. இந்தியாவுக்கு ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இரும்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆகவே கப்பல் இரும்பு நமக்குக் கூடுதல் வரவு. வங்காளதேசத்தில் இரும்புச் சுரங்கம் ஏதும் இயங்கவில்லை. அந்நாட்டுக் கட்டடங்களின் தூண்களுக்கு உள்ளே நிற்கும் கம்பிகளில் பெரும்பங்கு உடைந்த கப்பல்களிலிருந்து வந்ததே. நமக்கு வசதியாக இருப்பது அவர்களுக்குத் தேவையாக இருக்கிறது என்பதை இந்த ஒப்பீட்டில் நாம் மறந்துவிடலாகாது.

இரண்டாவது கேள்வி நஞ்சைப் பற்றியது. பழைய கப்பலில் எஃகு மட்டும் இல்லை. இயந்திர அறையின் குழாய்களைச் சுற்றிக் கல்நார் இருக்கும். அதன் தூளைச் சுவாசித்தவன் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயால் மடிவான். தொட்டிகளில் எண்ணெய்க் கசடு இருக்கும். வண்ணப்பூச்சில் ஈயமும், அடிப்புறத்தில் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய நச்சு மருந்தும் இருக்கும். உலர்துறையில் சிந்தியதைத் துடைத்து எடுக்கலாம். கடற்கரையில் சிந்தியதை அடுத்த அலை எடுத்துச் சென்றுவிடும். பிறகு அது மீனவனின் வலையில் ஏறும்.

இத்துறையில் நம் நாட்டில் விழிப்பு ஏற்பட்டதற்கு நீதிமன்றம் ஒரு காரணம். உடைக்க வரும் கப்பலை அதன் உரிமையாளரே முன்னதாகத் தூய்மை செய்து அனுப்ப வேண்டும் என்று 2003இல் உச்சநீதிமன்றம் பணித்தது. 'கிளெமான்சோ' என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கல்நாருடன் அலங்கை நோக்கிப் புறப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2006இல் பிரான்சு அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. முடிவில் அது இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது. அலங்கில் அபாயக் கழிவுகளைப் புதைப்பதற்கெனப் பாதுகாப்பான நிலப்பகுதி அமைக்கப்பட்டது. 2015 முதல் அலங்கின் உடைப்பு மனைகள் ஒவ்வொன்றாகக் கசிவு புகாத தளம் அமைத்தும், பளுதூக்கிகளை நிறுவியும், சர்வதேச விதிகளுக்கு ஏற்றவை என்ற சான்றைப் பெற்று வந்துள்ளன. 2019இல் நம் பாராளுமன்றம் கப்பல் மறுசுழற்சிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

வங்காளதேசத்திலும் நீதிமன்றமே கதவைத் தட்டியது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் அனுமதி பெறாத உடைப்பு மனைகளை மூட வேண்டும் என்று 2009இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வழக்கை முன்னின்று நடத்திய சையதா ரிஸ்வானா ஹசன் அம்மையாருக்கு அவ்வாண்டு உலகப் புகழ்பெற்ற கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. 2011இல் விதிகளும் 2018இல் தனிச் சட்டமும் அங்கே வந்தன. சட்டம் இயற்றுவதில் அவர்கள் நமக்கு ஓராண்டு முந்தியவர்கள். எனினும் சட்டம் வேறு, தளம் வேறு. நற்சான்று பெற்ற மனைகள் அங்கே நம்மோடு ஒப்பிடச் சிலவே. நச்சுக் கழிவைப் புதைக்கும் பொது நிலையம் அமைப்பதும் நெடுநாள் பேச்சாகவே இருந்து வந்திருக்கிறது. பாகிஸ்தான் சட்டத்திலும் சாதனத்திலும் இன்னும் பின்னால் நிற்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். அதுவே நேயர்களாகிய உங்கள் நெஞ்சுக்கு அணுக்கமானது. இக்கரைகளில் வேலை செய்வோர் யார்? அலங்கில் அவர்கள் ஒடிசா, உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சீதாகுண்டத்தில் அவர்கள் பஞ்சத்துக்குப் பெயர்போன வடபகுதி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கதானியிலும் பலர் தொலைவான மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் ஊரை விட்டு வந்தவர்கள். தம் மொழி பேசாத இடத்தில், தகரக் கொட்டகையில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். வெளி மாநிலத்தில் வாழ்வது இன்னது என்று அறிந்த உங்களுக்கு அவர்களைப் பற்றி நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எரிவாயு விளக்கால் தகட்டை வெட்டும்போது, தொட்டியில் சிறிதளவு எண்ணெய் ஆவி தங்கியிருந்தாலும் வெடித்துவிடும். 2014 ஜூனில் அலங்கில் அவ்வாறு நேர்ந்த வெடிப்பில் ஐவர் மாண்டனர். 2016 நவம்பர் முதல் நாளன்று கதானியில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்துத் தீப்பற்றியதில் இருபத்தாறு பேருக்குக் குறையாமல் மடிந்தனர். 2024 செப்டம்பரில் சீதாகுண்டத்திலும் வெடிப்பு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. இந்த அளவுகோலில் எந்த நாடும் தலைநிமிர்ந்து நிற்க இயலாது. அலங்கில் பயிற்சிக் கூடம் உண்டு, தலைக்கவசம் உண்டு, தொட்டியில் வாயு இல்லை என்று சோதித்த பின்னரே வெட்ட வேண்டும் என்ற விதி உண்டு. ஆனாலும் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமாயின், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாவ்நகரையே நாட வேண்டியிருக்கிறது. அடிபட்டவனுக்கு அந்த ஐம்பது கிலோமீட்டர் மிக நீளமானது.

இம்மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏற்பாட்டில் இந்தியா முன்னே செல்கிறது, வங்காளதேசம் தேவையின் உந்துதலால் பின்தொடர்கிறது, பாகிஸ்தான் தயங்கி நடக்கிறது என்று மதிப்பெண் போட்டுவிடலாம். இந்தியர் என்ற முறையில் நமக்கு அது மகிழ்ச்சியே. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிட்டால், இத்தொழிலின் கணக்கு நமக்கு விளங்கவில்லை என்றே பொருள்.

அந்தக் கணக்கு யாது? தளம் அமைக்கவும், பளுதூக்கி வாங்கவும், கல்நாரைப் பத்திரமாக அகற்றவும், தொழிலாளிக்குப் பயிற்சி அளிக்கவும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைச் செலவிட்ட மனைக்காரர், கப்பலுக்குக் கொடுக்கக்கூடிய விலையைக் குறைத்துத்தான் கேட்க முடியும். செலவிடாத அண்டை நாட்டுக்காரர் டன்னுக்குச் சில டாலர் கூடுதலாகத் தருவார். பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பலில் அது பெருந்தொகை. கப்பல்காரர் எங்கே செல்வார்? கூடுதல் விலை கிடைக்கும் கரைக்கே செல்வார். தம் பெயர் வெளியே தெரியாதிருக்க, கடைசிப் பயணத்துக்கு முன் இடைத்தரகரிடம் கப்பலை விற்றுவிடுவதும், பலாவு, கொமொரோஸ் போன்ற சிறு நாடுகளின் கொடியை ஏற்றிக்கொள்வதும் இத்தொழிலில் சாதாரணம். ஆகவே ஒரு நாடு மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டால் அதன் ஒழுக்கத்துக்குக் கிடைக்கும் பரிசு வேலையிழப்பு. நஞ்சும் ஒழியாது. அது எல்லையைத் தாண்டி அடுத்த கரையில் இறங்கும், அவ்வளவே.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததே ஹாங்காங் ஒப்பந்தம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் சர்வதேசக் கடல்வழி அமைப்பின் ஆதரவில் அது நிறைவேறியது. ஒவ்வொரு கப்பலும் தன்னிடத்தே எந்த நச்சுப் பொருள் எங்கே உள்ளது என்ற பட்டியலைச் சுமந்து செல்ல வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனையில்தான் அதை உடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிறைவேறினாலும் அது நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. போதிய கப்பல்களையும் போதிய உடைப்புத் திறனையும் உடைய நாடுகள் சேரும்வரை அது காத்திருந்தது. 2019இல் இந்தியா சேர்ந்தது. 2023 ஜூன் 26 அன்று வங்காளதேசமும் லைபீரியாவும் சேர்ந்தபோதுதான் கணக்கு நிறைந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் பாகிஸ்தானும் சேர்ந்துகொண்டது. 2025 ஜூன் 26 முதல் அந்த ஒப்பந்தம் அமுலுக்கு வந்துவிட்டது. நம் முன்னேற்றத்துக்குக் காவலாக அமைந்த கையெழுத்தை இட்டது நம் போட்டியாளராகிய வங்காளதேசமே என்பது சிந்திக்கத்தக்கது.

இந்த ஒப்பந்தம் போதாது என்று சொல்வோரும் உண்டு. கடற்கரை மணலில் ஏற்றி உடைக்கும் முறையை அது தடை செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் கொடி தாங்கிய கப்பல்களுக்கென 2013இல் கடுமையான சட்டம் செய்தது; அங்கீகரித்த மனைகளின் பட்டியலையும் வெளியிட்டு வருகிறது. கடற்கரையில் உடைக்கும் தென்னாசிய மனைகளுக்கு அப்பட்டியலில் இடம் கிடைப்பதே அரிதாக இருந்து வந்துள்ளது. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், முப்பது ஆண்டுக்காலம் கப்பலை ஓட்டி இலாபம் கண்டவர் அதன் ஈமச் செலவில் ஒரு பங்கை ஏற்க முன்வராமல், உடைப்பவனை மட்டும் குறை கூறுவது முழு நியாயமாகாது. கப்பல் கட்டும்போதே அதை உடைக்கும் செலவுக்கு ஒரு நிதியை ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சுழற்சி என்றால் இரும்பு மட்டும் சுழன்றால் போதாது. பொறுப்பும் சுழன்று, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

நேயர்களே, உங்களில் எவரும் கப்பல் வைத்திருப்பவர் அல்லர். ஆனால் உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு சிறிய அலங் இருக்கிறது. பழைய கணினியையும், பழுதான பாட்டரியையும், உடைந்த குழல் விளக்கையும் கபாடிவாலாவிடம் கொடுக்கும்போது, அதிலுள்ள ஈயமும் பாதரசமும் யாருடைய கைக்குப் போகின்றன என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். அவற்றைத் தனியே வாங்கிக்கொள்ளும் பதிவு பெற்ற நிலையம் உங்கள் நகரில் இருக்குமானால் அதைத் தேடிக் கொடுங்கள். பேரீச்சம்பழத்துக்கு ஓட்டை வாளியைக் கொடுத்தபோது நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாம் அப்போது பிள்ளைகள். வாளியிலும் நஞ்சு இல்லை. இப்போது இரண்டும் மாறிவிட்டன.

இன்றிரவும் அலங்கின் கொட்டகைகளில், ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் தன் தாயுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பான். வேலை எப்படி என்று அவள் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்வான். ஊரை விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் சொல்லும் விடை அது, நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அந்த விடை மெய்யாகும் நாளில், மூன்று நாடுகளில் எது முன்னே நிற்கிறது என்ற கேள்வி தேவைப்படாது.